பின்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர்

கார் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வலியசாலையில் எங்கள் தெருவில் அப்போது கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பா கோவிலுக்குச் சைக்கிளில் போவார். நானும் அம்மாவும் எங்கே போனாலும் பஸ்தான், மழை பெய்தால் ஆட்டோ. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நாட்களில் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்த கார் ஷோரூமில் பெண்கள் தேவை என்றிருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. ஊரில் எல்லோரும் முதல் கார் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்டர்வியூவில் மானேஜர் என்னிடம் காரைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. "தமிழ் எழுத வாசிக்க அறியாமோ?" என்று மட்டும் மலையாளத்தில் கேட்டார். தெரியும் என்றேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தேன். தமிழ் எழுத்தெல்லாம் வீட்டுக்கு வரும் வாரப் பத்திரிகைகளை அம்மாவுடன் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்து வந்ததுதான். அதைச் சொன்னால் வேலை கிடைக்காதோ என்று பயந்து சொல்லாமல் விட்டேன். அவருக்கு அது போதுமாயிருந்தது. சாலைக் கடைக்காரர்கள், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருபவர்கள், இங்கே வந்து பெரிய ஆளான காண்ட்ராக்டர்கள் என்று பாதிப் பேர் தமிழில் பேசினால்தான் மனசு விட்டுப் பேசுவார்கள், உன்னை அவர்களுக்காகத்தான் எடுக்கிறேன் என்றார்.

மானேஜர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு நாள் மத்தியானம் திடீரென்று ஹர்த்தால் அறிவித்துவிட்டார்கள். பஸ் நின்றுபோயிற்று. மற்றவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு, என்னை அவரே தன் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்காரவைத்து, கல்லெறி இல்லாத சந்துகளாகப் பார்த்துப் பார்த்து ஓட்டி, எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார். அவர் வீடு அதற்கு நேர் எதிர்த் திசையில். அம்மா காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, "இன்னொரு நாள் அம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பச்சை ஸ்டிக்கர் வந்தது. கோழிமுட்டை வடிவத்தில் உள்ளங்கையில் அடங்குகிற அளவு. நடுவில் 'யூரோ டூ' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். புது வண்டிகளின் பின்கண்ணாடியில் கீழ் மூலையில் ஒட்டி வரும். பெரிய நகரங்களில் இனி இந்த வகை வண்டிதான் விற்கலாம் என்று சட்டம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. அதனால் ஷோரூமில் இரண்டு விதமும் இருந்தது. புகை குறைந்த புது எஞ்சின் ஒன்று, கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின் ஒன்று. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்களுக்கு அரை நாள் கிளாஸ் எடுக்க ஒருவர் வந்தார். புகைக்குழாயின் நடுவே ஒரு டப்பா இருக்கிறது, உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள், கெட்ட வாயு அதற்குள் புகுந்து வரும்போது பாதிக்கு மேல் மாறிவிடும் என்றார். எஞ்சினுக்குத் தேவையான பெட்ரோலை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அளந்து விடும் என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஏனென்று தெரியவில்லை. மைலேஜ், சீட் கவர், ஸ்டீரியோ என்று வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், வாங்குகிறவனுக்கு மட்டுமில்லாமல் தெருவில் நடந்து போகிறவனுக்கும் ஆகிற ஒரு சமாச்சாரத்தைச் சொல்ல முடிகிறதே என்று இருந்ததோ என்னவோ. தமிழில் பேசுகிற எல்லோரிடமும் அந்த ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டி விளக்குவேன். சிலர் கேட்பார்கள். சிலர், "அதெல்லாம் இருக்கட்டும், டிக்கியில எத்தன சாக்கு ஏத்தலாம்?" என்பார்கள்.

பேப்பர்களிலும் அதைப் பற்றி எழுத ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. வருகிறவர்களே பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்கள். பச்சை இல்லாத வண்டி விற்காமல் யார்டில் நின்றது. ஷோரூமுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய இடம், அதைத்தான் யார்ட் என்போம். வெள்ளை வண்டிகள் பெரும்பாலும் அங்கேதான் நின்றன. புது எஞ்சின் வைத்த வெள்ளை வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் நான் போனபோது யார்டில் நின்ற வெள்ளை வண்டிகளின் பின்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் இல்லை. நான் நின்று பார்த்தேன். ஒன்றில் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. உள்ளே போய் மானேஜரிடம், "சார், யார்டில வெள்ளை வண்டிக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார்.

"மேலேருந்து சொன்னதாணு," என்றார். "நீ ஒண்ணும் பறையண்டா. கேட்டால் மாத்திரம் பேசு."

பறைய என்றால் மலையாளத்தில் சொல்ல. நான் ஒன்றும் சொல்ல வேண்டாமாம். சரி சார் என்று வெளியே வந்தேன். அன்றைக்கு யாரும் வந்து வெள்ளை கேட்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு பழைய டீசல் ஜீப் வந்து நின்றது. அது வந்ததை எல்லோரும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்தே தெரிந்துகொண்டோம். வாசல் முழுக்கக் கருகல் வாடை. ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கொத்தனாராக இந்த ஊருக்கு வந்து, இப்போது அடுக்குமாடி கட்டுகிற காண்ட்ராக்டர். இதையெல்லாம் உட்கார்ந்த உடனே அவரே சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பட்டுப்புடவையில் வந்திருந்தார். ஒரு ஈரத் துண்டை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். ஏறி வந்த இரண்டு படிக்கே நெஞ்சு ஏறி இறங்கியது. பர்ஸிலிருந்து மூச்சிழுப்புக்கான பம்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார்.

"ஏம்மா, தமிழ்ப் பிள்ளையா நீ?" என்று கேட்டார் அந்த அம்மாள், மூச்சு அடங்கியதும்.

"ஆமாம்மா. வலியசாலை."

"நல்லதாப் போச்சு. இவங்க வெள்ளை வண்டிதான் வேணும்ங்காங்க. வேற கலருன்னா ராசியில்லையாம். எனக்குக் கலரு ஒண்ணும் வேண்டாம் தாயி. அந்த ஜீப்புல அடியிலேருந்து புகை உள்ள வருது. ஏறி உக்காந்தா எறங்குற வரைக்கும் துண்ட மூக்குல வச்சுக்கிடணும். புகை கம்மியா உள்ள வண்டிக்கு ஏதோ பச்சைச் சீட்டு ஒட்டுதாங்களாம்லா. எங்க மருமவ பேப்பர்ல வாசிச்சுச் சொன்னா. அது எது, காட்டு."

நான் அவர்களை முதலில் வாசலில் நின்ற டெஸ்ட் டிரைவ் வண்டியிடம் கூட்டிப் போனேன். அது உண்மையிலேயே புது எஞ்சின் வைத்தது. ஸ்டிக்கரைக் காட்டினேன். தேன்கூட்டைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஸ்டார்ட் பண்ணச் சொல்லு," என்றார். டிரைவர் ஸ்டார்ட் செய்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் போய்ப் புகைக்குழாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையைக் குழாய்க்கு நேரே நீட்டி, கையை முகத்துக்குக் கொண்டுவந்து மோந்து பார்த்தார்.

"என்னளா செய்யுத, எந்திரி. எல்லாரும் பாக்காங்க," என்றார் கணவர்.

"பாக்கட்டும்," என்றார் அந்த அம்மாள். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. "இது சரி. இதுல வெள்ளை காட்டு."

வெள்ளை யார்டில்தான் இருந்தது. டிரைவரை அனுப்பாமல் நானே சாவியை எடுத்துக்கொண்டு போனேன். வேறு கலர் பார்க்கலாமா, காத்திருக்க முடியுமா என்று வழியில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். காண்ட்ராக்டர் கேட்டபாடில்லை. வெள்ளை வண்டியைச் சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். சாவியை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே உட்கார்ந்து அவரே ஸ்டார்ட் செய்தார். பல நாளாக ஓடாத எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் திரும்பவும் பின்னால் போய்க் குந்தினார். கையை நீட்டினார். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டு துண்டை மூக்கில் வைத்தார்.

எனக்கே அந்த வாடை தெரிந்தது. எரியாத பெட்ரோலின் பச்சை வாடை.

"ரெண்டுலயும் ஒரே சீட்டுதானம்மா ஒட்டியிருக்கு," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "இது மட்டும் ஏன் இப்படி நாறுது?"

கேட்டால் மாத்திரம் பேசு என்று மானேஜர் சொல்லியிருந்தார். இப்போது கேட்டுவிட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் நியாயம் அநியாயம் என்றெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. துண்டுக்கு மேலே அந்த அம்மாளின் கண்ணில் நீர் கட்டியிருந்ததைப் பார்த்தேன். ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுவந்து விட்ட மானேஜரும் ஞாபகத்துக்கு வந்தார். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இது பழைய எஞ்சின்ம்மா. அந்த ஸ்டிக்கர் இதுக்கு உள்ளதில்ல. தப்பா ஒட்டினது."

காண்ட்ராக்டர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். மற்ற வெள்ளை வண்டிகளின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். திரும்பி வந்து என்னிடம், "தப்பா ஒட்டினதா, ஒட்டச் சொன்னதா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. நான் கோணலாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். அதுவே அவருக்குப் பதிலாகப் போய்விட்டது போலிருக்கிறது. நேராக ஷோரூமுக்குள் போய் மானேஜர் அறைக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து சாத்திக்கொண்டார்.

அந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. காண்ட்ராக்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதும், மானேஜர் குனிந்த தலை நிமிராமல் கேட்பதும் தெரிந்தது. அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எதும் ஆகாதுல்லா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

அவர்கள் ஜீப்பில் ஏறிப் போன பிறகு மானேஜர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "பொய்க்கோ," என்றார். வீட்டுக்குப் போ என்று அர்த்தம். இன்றைக்கு மட்டும் போகச் சொல்கிறாரா, ஒரேயடியாகப் போகச் சொல்கிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னடி ஆச்சு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எதிரில் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில், "அந்த மாமி வண்டி வாங்கிண்டாளோ?" என்றாள்.

"எப்படிம்மா வாங்குவா? அதான் போயிட்டாளே."

"பாவம், அந்த ஜீப்லதானே திரும்பிப் போயிருப்பா," என்றாள் அம்மா. பிறகு, "வேலைதானே, போனாப் போறது. கையைக் காலை அலம்பிண்டு வா, அடை வாத்துத் தரேன்," என்றாள். அவள் எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். அடை வார்க்கும்போது எண்ணெய்க் கிண்ணத்தை இரண்டு முறை தட்டிவிட்டதைப் பார்த்தேன்.

மறுநாள் போகலாமா வேண்டாமா என்று குழம்பி, போவதென்று முடிவு செய்தேன். ஒரேயடியாகப் போகச் சொன்னால் அதை நேரிலேயே கேட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஷோரூம் இன்னும் திறக்கவில்லை. பின்பக்கம் சத்தம் கேட்டது. யார்டுக்குப் போனேன்.

மானேஜர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு வெள்ளை வண்டிக்குப் பின்னால் நின்று பழைய பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பக்கெட்டில் வெந்நீர். நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும், "வந்நோ?" என்றார், சாதாரணமாக.

"சார், நான் நேத்து..."

"அந்த மனுஷன் என்னைச் சத்தம் போடுவார்னு நெனச்சேன்," என்றார். எனக்காகத் தன் மலையாளத்தில் தமிழைக் கலந்து பேசுவது அவர் வழக்கம். "சத்தமே போடல. அவங்க வைஃபுக்கு ராத்திரியில இழுப்பு வந்தா எப்படி இருக்கும்னு சொன்னார். அவ்வளவுதான். போலீஸ்னும் சொல்லல, பேப்பர்னும் சொல்லல. அதுக்கப்புறம் எனக்கு ஊணு எறங்கல."

முதலாளிக்குப் போன் செய்து, இது எனக்கு முடியாது, வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். முதலாளி ஸ்டிக்கரையெல்லாம் எடுத்துவிடச் சொன்னாராம். ஒட்டச் சொன்ன விஷயமே தனக்குத் தெரியாது என்றாராம்.

"நீங்க நம்பினேளா சார்?"

"நம்பாம எந்து செய்ய?" என்றார். நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவர் இன்னொரு பிளேடை என்னிடம் நீட்டினார்.

ஸ்டிக்கர் வந்துவிட்டது, பசை வரவில்லை. வெந்நீருக்கும் சோப்புக்கும் மசியவில்லை. நான் கேன்டீனில் போய்த் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து துணியில் தொட்டுத் தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. ஊர் பஸ்கள் ரோட்டில் இரைந்து போய்க்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் கையெல்லாம் எண்ணெயாக வரிசையாகப் பின்கண்ணாடிகளைத் துடைத்தோம். கண்ணாடி துடைத்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பழைய வண்டிகள் விற்காமல் போய்விடுமோ என்று பயந்தோம். அப்படி ஆகவில்லை. பழைய எஞ்சின் என்று சொல்லியே விற்றோம். கார்புரேட்டர் என்றால் ரோட்டோர மெக்கானிக்கே ரிப்பேர் செய்துவிடுவான், கம்ப்யூட்டரெல்லாம் நமக்கு வேண்டாம் என்று அதையே கேட்டு வாங்கிப் போனவர்களும் உண்டு. கொஞ்சம் மெதுவாகப் போயிற்று, அவ்வளவுதான்.

பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கு ஜீப்பை விட்டால் போதும். அடியிலிருந்து புகை உள்ளே வராத எந்தப் புது வண்டியும், பழைய எஞ்சின் வண்டியானாலும், அவருக்கு நல்லதாகத்தான் இருந்திருக்கும். பச்சை ஸ்டிக்கர் வண்டிக்குள் இருப்பவரைவிட வெளியே இருப்பவருக்குத்தான் அதிகம் உதவும். இதெல்லாம் தெரிந்த பிறகும், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவர் நம்பி மோந்து பார்த்துக் கேட்டார். அதற்கு வேறு பதில் கிடையாது.

புது எஞ்சின் வைத்த வெள்ளை வண்டி வந்ததும் மானேஜரே காண்ட்ராக்டருக்குப் போன் செய்தார். வரமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஜீப்பைக் கொடுத்துவிட்டார்களாம். அந்த அம்மாள் இந்த முறையும் பின்னால் போய்க் குந்தி, கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். மானேஜர் பக்கத்தில் கைகட்டி நின்று, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெலிவரி அன்று வண்டிக்கு மாலை போட்டாயிற்று. எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தால் முதலில் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் கொண்டுபோய்த் தேங்காய் உடைக்க வேண்டும். அந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பிள்ளையும் கூட வரட்டும். இல்லேன்னா நான் ஏற மாட்டேன்." மானேஜர் தலையசைத்தார். நான் பின்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிழக்கேகோட்டையில் அன்றைக்கு நல்ல நெரிசல். முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோக்கள். எல்லாம் புகை விட்டுக்கொண்டு நின்றன. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டிருந்தோம். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சுக் குறைந்தது. என் தோளில் ஏதோ பாரம் தெரிந்து திரும்பினால், தலை சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். ஈரத் துண்டு மடியில் கிடந்தது. மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காண்ட்ராக்டர் பின்பார்வைக் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். கோவில் பக்கத்தில் ஒரு ஓரமாக நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்து, மெதுவாக, "வண்டியில ஒறங்கி நான் பாத்ததே இல்ல, பாத்துக்கிடுங்க. கல்யாணம் ஆனதுலேருந்து," என்றார்.

"எழுப்பட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். எஞ்சின அணைச்சாக்கூட முழிச்சிருவா. ஓடட்டும். நான் போயிட்டு வாரேன்." கதவைச் சத்தமில்லாமல் திறந்து, தேங்காய்ப் பையை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

நான் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்து, குனிந்து, சந்தனத்தை மனைவியின் நெற்றியில் தொட்டு வைத்தபோதுதான் அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு நேராக உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டார்.

"தேங்கா ஒடச்சாச்சா?"

"ஒடச்சாச்சு," என்றார் அவர். "வீட்டுக்குப் போவோம்."